கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

கேள்வி: எனக்கு வயது 66. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தென்காசி மாவட்டத்தில் சொந்த ஊரில் இருக்கிறேன். மகன் வற்புறுத்தியதால் சென்ற மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனையில் 4.6 என்று வந்தது. மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சுரப்பியில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 12 துண்டுகளில் இரண்டில் புற்றுநோய், கிளீசன் 3+3=6 என்று அறிக்கை சொல்கிறது. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அங்குள்ள மருத்துவர், ரோபோ அறுவை சிகிச்சை செய்து சுரப்பியையே எடுத்துவிடலாம் என்கிறார். மகன் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறான். இன்னொரு மருத்துவரோ, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறார். கேன்சரை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கத்தி பட்டதுமே பரவ ஆரம்பித்திருக்கும் என்று சம்பந்தி பயமுறுத்துகிறார். பக்கத்துத் தெருவில் இதே நோய்க்கு ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நன்றாக நடமாடுகிறார். எனக்கும் அது போதாதா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அறிக்கைகளின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஒன்பது பக்க நகல்களையும் தேதிவாரியாக அடுக்கி, மூலையில் எண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம் நேரில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்ப்பார்கள். அதில் ரேஷன் கடை ரசீதுகூட இருக்கும். தபால் அலுவலகத்துப் பழக்கம் உங்களை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் உங்களுக்கு ஒரு பெரிய உதவியும் செய்திருக்கிறது. ஏழாவது பக்கத்தைச் சொல்கிறேன்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மருந்துச் சீட்டு. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று உள்ளூர் மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள். அவர் டாம்சுலோசினும் டியூட்டாஸ்டரைடும் சேர்ந்த ஒரு மாத்திரையை இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "இன்றுவரை சாப்பிடுகிறேன்" என்று நீங்களே ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். மற்ற எட்டுப் பக்கங்களில் எங்கேயும் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரத்தம் எடுத்த ஆய்வகத்துக்கும், அறுவை சொன்ன மருத்துவருக்கும், கண்காணிக்கலாம் என்ற மருத்துவருக்கும் இது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், டியூட்டாஸ்டரைடு பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் மருந்து. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரான், புராஸ்டேட் சுரப்பிக்குள் அதைவிட வீரியமான இன்னொரு வடிவமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைத் தடுத்து, வீங்கிய சுரப்பியைச் சுருக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. சுரப்பி சுருங்கும்போது பி.எஸ்.ஏ.யும் இறங்கும். ஆறு மாதத்துக்கு மேல் இதைச் சாப்பிடுகிறவருக்கு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஃபினாஸ்டரைடு என்ற அதன் உறவுக்கார மருந்துக்கும் இதே கணக்குத்தான். ஆகவே உங்கள் 4.6 என்பது உண்மையில் 9-ஐ ஒட்டிய எண்.

பதற வேண்டாம். 9 என்பதும் குறைந்த ஆபத்துப் பிரிவுக்குள் அடங்குகிற எண்தான், அந்தப் பிரிவின் எல்லை 10. ஆனால் எல்லையில் நிற்கிறவரையும் எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறவரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் சுரக்கும் நஞ்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது புராஸ்டேட் எல்லா ஆண்களிடமும் அன்றாடம் சுரக்கிற ஒரு புரதம். உறைந்த விந்தை இளக்கிவிடுவது அதன் பணி. கொஞ்சம் இரத்தத்தில் கசிகிறது. சுரப்பி வீங்கினாலும் அதிகமாகக் கசியும், கிருமித் தொற்று வந்தாலும் கசியும், சிறுநீர்க் குழாய் போட்டாலும் கசியும், புற்றுநோயிலும் கசியும். அமெரிக்காவின் மருந்து அமைப்பு 1986-ல் இந்தச் சோதனைக்கு முதலில் அனுமதி கொடுத்ததே, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களைப் பின்தொடரத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனையாக 1994-ல்தான் அனுமதித்தார்கள். இன்று அது முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே ஒரு வரியாக வந்து உட்கார்ந்துவிட்டது. எடுக்கிறவருக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. 4-க்குக் கீழே என்றால் கவலையில்லை, மேலே என்றால் கேன்சர் என்று வாட்ஸ்அப் குழுக்கள் தீர்ப்பும் எழுதிவிடுகின்றன. 4 என்பது சுவர் கிடையாது. அதற்குக் கீழே நோய் உள்ளவர்களும் உண்டு. 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும்.

உங்கள் அல்ட்ராசவுண்ட் சுரப்பியின் அளவை 44 சி.சி. என்கிறது. பி.எஸ்.ஏ.யை இந்த அளவால் வகுத்தால் அடர்த்தி என்று ஓர் எண் கிடைக்கும். பெரிய சுரப்பி இயல்பாகவே அதிகம் கசியும் என்பதால், இப்படி வகுத்துப் பார்ப்பதுதான் நியாயம். அது 0.15-க்குக் கீழே இருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. 4.6-ஐ 44-ஆல் வகுத்தால் 0.10. அழகான எண். 9.2-ஐ வகுத்தால் 0.21. மாத்திரை சுரப்பியையும் கால் பங்கு சுருக்கியிருக்கும் என்று சலுகை கொடுத்து, பழைய அளவை 58 என்று வைத்துக்கொண்டாலும் 0.16 வருகிறது. எப்படி வகுத்தாலும் கோட்டை ஒட்டியோ மேலேயோதான். அறுவைக்கு அவசரப்படுகிறவரோ காத்திருக்கலாம் என்கிறவரோ, யாராக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போடாமல் முடிவு சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது அந்த 3+3=6. உங்கள் கடிதத்தில் அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டிருக்கிறீர்கள். பத்துக்கு ஆறு, அறுபது சதவீதம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குற்றம் இந்த அளவுகோலிடம். 1960-களில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் டொனால்ட் கிளீசன் என்ற நோய்க்கூறு மருத்துவர், நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுக்களின் அமைப்பை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தார். அதிகம் காணப்படும் தரத்தையும் அடுத்துக் காணப்படும் தரத்தையும் கூட்டினால் கிளீசன் எண். காலப்போக்கில் ஒன்றும் இரண்டும் வழக்கொழிந்து போயின. இன்று ஊசியில் எடுத்த சதையில் புற்றுநோய் என்று சொல்லத் தொடங்கும் எண்ணே 6 தான். அதற்குக் கீழே படியே இல்லை. இந்தக் குழப்பம் தீரத்தான் இப்போது அதையே 'தரக்குழு 1' என்று எழுதுகிறார்கள், ஐந்தில் முதலாவது. 3+4 என்றால் இரண்டாவது, 4+3 என்றால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் ஏழுதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 8 நான்காவது, 9-ம் 10-ம் ஐந்தாவது. சுத்தமான 3+3-ஐப் புற்றுநோய் என்ற பெயரால் அழைக்கலாமா என்றே மருத்துவர்களுக்குள் ஒரு வாதம் நடந்துகொண்டிருக்கிறது. முதுமையில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடற்கூறாய்வில், உயிரோடு இருந்தவரை யாரையும் தொந்தரவு செய்யாத இப்படிப்பட்ட சிறு புற்றுகள் கணிசமானோரிடம் தென்படுகின்றன.

சரி, அப்படியென்றால் சும்மா இருக்கலாமா?

சும்மா என்ற சொல்தான் தவறு. இதை நாங்கள் தீவிரக் கண்காணிப்பு என்கிறோம், அது ஒரு வேலை. இங்கிலாந்தில் 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்கு உட்பட்ட ஆண்களைப் பரிசோதித்து, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு. 15 வருடங்களுக்குப் பிறகு கணக்கெடுத்து 2023-ல் வெளியிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள், கண்காணிப்புப் பிரிவில் 3.1 சதவீதம், அறுவைப் பிரிவில் 2.2, கதிர்வீச்சுப் பிரிவில் 2.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். எந்தப் பிரிவை எடுத்தாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயால் சாகவில்லை.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். அதே ஆய்வில், நோய் வேறு இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் சுமார் 5. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதம் பேர் 15 வருடத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போய்விட்டார்கள். அந்தக் காலத்துக் கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் நம்பியது. அப்போது எம்.ஆர்.ஐ. இதற்குப் பயன்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களில் எல்லோரும் உங்களைப் போல 6 உள்ளவர்களும் இல்லை. ஆக, காத்திருப்பதில் அபாயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடனே வெட்டாவிட்டால் உயிர் போய்விடும் என்றாலும் நம்பாதீர்கள்.

வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பற்றி எனக்கே ஒரு கதை இருக்கிறது. நான் அறுவை செய்யத் தொடங்கிய புதிதில், 68 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்கும் 3+3. கண்காணிப்பு என்ற பேச்சே அப்போது எங்களுக்குள் அரிது. நானே அவரைத் துரிதப்படுத்தினேன். அறுவை நன்றாக நடந்தது. பி.எஸ்.ஏ. இல்லாத அளவுக்கு இறங்கியது. எனக்குப் பெருமை. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் மருத்துவமனை வராந்தாவில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் என்ன என்று விளையாட்டாகக் கேட்டேன். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள். சிறுநீர்க் கசிவு நிற்கவேயில்லை. "கோயிலுக்குப் போறதை விட்டுட்டேன் டாக்டர், ஈரத்தோட எப்படிப் போறது" என்றார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை, அதுதான் தாங்கவில்லை. அவர் தினமும் விடியற்காலையில் கோயிலைத் திறந்து விளக்கு ஏற்றுகிறவர் என்பதை, சிகிச்சைக்கு முன் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

அந்த இங்கிலாந்து ஆய்விலும், அறுவை செய்துகொண்டவர்களில் 17 சதவீதம் பேர் ஆறு வருடம் கழித்தும் கசிவுக்காக பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்காணிப்பில் 8, கதிர்வீச்சில் 4. அறுவை தேவைப்படுகிறவருக்கு இது கொடுத்தாக வேண்டிய விலை. தேவைப்படாதவர் ஏன் கொடுக்க வேண்டும்?

ரோபோவைப் பற்றி உங்கள் மகனுக்கு இரண்டு வரி. ரோபோ தானாக எதையும் வெட்டாது, பக்கத்தில் உட்கார்ந்து அதை இயக்குகிறவர் அறுவை மருத்துவர். இரத்த இழப்பு குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம், இவை உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோவையும் வழக்கமான திறந்த அறுவையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் இரு பிரிவினரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஒருவேளை பின்னால் அறுவை தேவைப்பட்டால், எந்த இயந்திரம் என்று விசாரிப்பதைவிட, அந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்து துணி வைக்காமல் இருக்கிறார்கள் என்று மகன் கேட்கட்டும். கேட்பதில் தவறில்லை. சரியான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கதிர்வீச்சை நம் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஷாக் அடிக்காது. வாரத்தில் ஐந்து நாள் என்று முன்பு ஏழெட்டு வாரம் போக வேண்டும், இப்போது பல இடங்களில் நான்கு வாரத்தில் முடிக்கிறார்கள். கசிவு குறைவு. மலக்குடலில் எரிச்சலோ இரத்தமோ சிலருக்கு வரும். உங்களுக்கு இப்போதைக்கு இதுவும் வேண்டியதில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

அந்தப் பக்கத்துத் தெருக்காரரின் ஊசி வேறு கதை. புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், விரைகளை நீக்கி அந்த ஹார்மோனை நிறுத்தினால், பரவிய நோயும் அடங்குகிறது என்று காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூன்று மாத ஊசி அதே வேலையைக் கத்தியில்லாமல் செய்கிறது. பரவிய நோய்க்கு இன்றும் அதுதான் அடித்தளம். அதோடு இப்போது வேறு மாத்திரைகளும் சேர்ந்து அவர்களின் ஆயுளைக் கூட்டியிருக்கின்றன. உங்கள் பக்கத்துத் தெருக்காரருக்கு அநேகமாக எலும்புக்குப் பரவிய நிலையில் கண்டுபிடித்திருப்பார்கள். அவர் நடமாடுவது அந்த மருந்தின் வெற்றி. ஆனால் அந்த ஊசி நோயை அடக்கும், வேரோடு களையாது. எலும்பு தேயும், உடல் தளரும், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், சர்க்கரை ஏறும், ஆசை அற்றுப் போகும். சுரப்பிக்குள் அடங்கிய 3+3-க்கு அதைப் போடுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

சம்பந்திக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். ஊசி குத்திச் சதை எடுத்ததால் புராஸ்டேட் புற்று பரவுவதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. ஒரு தலைமுறைக்கு முன், முதுகெலும்பு வலித்து நடக்க முடியாமல் போன பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். சதை எடுத்தார்கள், சில மாதத்தில் இறந்தார்கள். ஊர் சதை எடுத்ததைத்தான் பார்த்தது. அந்தப் பரிசோதனையின் உண்மையான அபாயம் கிருமித் தொற்று. மூன்று வாரம் தாண்டியும் காய்ச்சல் இல்லையென்றால் அந்தக் கண்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். விந்தில் சில வாரங்களுக்குப் பழுப்பு நிறம் தெரியும், அது பழைய இரத்தம், தானே நின்றுவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ஆனால் இன்று எடுக்கக் கூடாது. ஊசி குத்திய இடங்களில் தேங்கிய இரத்தம் படத்தைக் குழப்பும். சதை எடுத்து எட்டு வாரமாவது ஆகட்டும். முறைப்படி பார்த்தால், சதை எடுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்துக் குத்தியிருக்க வேண்டும். உங்களுக்கு எடுத்த 12 துண்டுகளும் கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் வலை வீசியது போலத்தான். சின்ன மீன் இரண்டு அகப்பட்டது. பெரிய மீன் வேறு மூலையில் இருக்கிறதா என்பதைத்தான் எம்.ஆர்.ஐ. சொல்லும். அதில் ஒன்று முதல் ஐந்து வரை சந்தேக மதிப்பெண் போடுவார்கள். 4 அல்லது 5 வந்தால் அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்கும். அதில் 4+3 போல ஏதாவது தெரிந்தால் அறுவையா கதிர்வீச்சா என்ற பேச்சு அப்போது நியாயமானது, நானே அனுப்பி வைப்பேன். ஒன்றும் தெரியாவிட்டால் கண்காணிப்பு உங்களுக்குப் பொருத்தமானது. எலும்பு ஸ்கேனுக்குச் செலவழித்த பணத்தை இதற்குச் செலவழித்திருக்கலாம். 6 உள்ளவருக்கு எலும்பு ஸ்கேன் தேவையே இல்லை.

காத்திருக்கும் இந்த ஐந்து வாரத்தில் நோய் எங்கும் ஓடிவிடாது. அதற்குள் ஒரு காரியம் செய்யலாம். சதைத் துண்டுகளை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அந்தக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டால் கொடுப்பார்கள். வேறொரு பெரிய மையத்தில் நோய்க்கூறு மருத்துவர் ஒருவர் இன்னொரு முறை பார்க்கட்டும். 3-க்கும் 4-க்கும் நடுவே உள்ள கோடு சில வேளைகளில் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது.

இன்னொன்று, உங்கள் ஒன்பது பக்கத்தில் யாரும் விரல் விட்டுப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. கையுறை போட்டுக்கொண்டு மலத்துவாரம் வழியாகச் சுரப்பியைத் தடவிப் பார்க்கும் அரை நிமிடச் சோதனை அது. பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்க வேண்டிய சுரப்பியில் கல் போல ஒரு முடிச்சு தட்டுப்படுகிறதா என்று விரல்தான் சொல்லும். லட்சங்களில் இயந்திரம் வந்த பிறகு எங்களுக்கே அது மறந்து போகிறது. அடுத்த முறை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பு என்று முடிவானால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், பேரேடு எழுதத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., ஒரே ஆய்வகத்தில். அதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை விரல் சோதனை. முதல் வருடத்துக்குள் இன்னொரு முறை சதைப் பரிசோதனை, பிறகு சில வருட இடைவெளியில், எம்.ஆர்.ஐ. சொல்வதைப் பொறுத்து. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எண் ஏறும், நோய் ஏறிவிட்டது என்று எல்லோரும் பதறுவார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எண் சீராக மேலே போனால், 4-க்குக் கீழே இருந்தாலும் அதை அலட்சியம் செய்யக் கூடாது. உறவினர் யாராவது வைட்டமின் ஈ மாத்திரை வாங்கி வந்தால் வாங்காதீர்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்று 17 சதவீதம் அதிகமாகவே வந்தது.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி, மகனைப் பற்றியது. தந்தைக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பொதுவாக 50 வயதில் பேசத் தொடங்கும் பரிசோதனையை அவர் 45 வயதில் தொடங்கட்டும். உங்கள் குடும்பத்துப் பெண்களில் யாருக்காவது இளவயதில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரே மரபணுக் கோளாறு இரண்டுக்கும் காரணமாக இருப்பதுண்டு.

ஒன்பதாவது பக்கத்தின் பின்புறம் பென்சிலால் ஒரு வரி எழுதி, பாதி அழித்திருக்கிறீர்கள். "இல்லற வாழ்க்கை பாதிக்குமா?" நகலில் அது நன்றாகவே விழுந்திருக்கிறது. கடிதத்திலேயே முதல் வரியாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 66 வயதில் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? கண்காணிப்பில் இருக்கும்வரை நோயால் அது பாதிக்காது. டியூட்டாஸ்டரைடு சிலருக்கு ஆர்வத்தைக் கொஞ்சம் குறைக்கும், அப்படித் தோன்றியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுவையில், விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. 1982-ல் அமெரிக்காவில் பேட்ரிக் வால்ஷ் என்ற மருத்துவர் அவற்றை ஒதுக்கிவிட்டு வெட்டும் வழியைக் கண்டுபிடிக்கும்வரை, ஏறக்குறைய எல்லோருக்கும் அது போய்விடும். இப்போதும் உங்கள் வயதில் பலருக்கு முன்பு போல இருப்பதில்லை. கதிர்வீச்சில் மெதுவாகக் குறையும். ஊசியில் அநேகமாகப் போய்விடும். இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் ஒருவருடையது மட்டும் இல்லை என்பதால், மனைவிக்குத் தெரியாமல் இதில் முடிவெடுக்க முடியாது. இரவில் நீங்கள் நான்கு முறை எழுந்திருப்பதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். ஏதோ மறைக்கிறீர்கள் என்று இதற்குள் தெரிந்திருக்கும். "கேன்சர்" என்று தொடங்காதீர்கள். ஐந்தில் முதல் படி, அவசரமில்லை, இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தொடங்குங்கள்.

மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஒன்பது பக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றிவிடுங்கள். அந்த மருந்துச் சீட்டு மேலே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்